பப்பாளிக் கன்று கழிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம், புதிதாகப் பப்பாளி வைத்த ஒரு தம்பியின் தோட்டத்துக்குப் போயிருந்தேன். குழிக்கு மூன்று கன்று நட்டவர், முழங்கால் உயரம் வந்ததும் இரண்டைப் பிடுங்கி வரப்பில் போட்டிருந்தார். "வாளிப்பா இருந்ததை மட்டும் விட்டேண்ணே" என்றார். வயிறு எரிந்தது. நானும் முதல் தடவை இதைத்தான் செய்தேன். தண்ணீர் தேங்கக் கூடாது, பழைய விதை ஆகாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். கன்று கழிப்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பூ வருமுன் கழிப்பது

கோ 2, கோ 8 போன்ற ரகங்களில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி; காய்ப்பது பெண்தான். விதையில் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. தண்டையோ இலையையோ பார்த்து எது எதுவென்று சொல்ல முடியாது; நட்டு நாலைந்து மாதம் கழித்துப் பூ வந்தால்தான் தெரியும். குழிக்கு ஒன்றுக்கு மேல் நடுவதே இதற்காகத்தான். ஒரே கன்று இருந்தால் அந்தக் குழி வீணாக இரண்டில் ஒரு வாய்ப்பு. மூன்று இருந்தால், மூன்றுமே ஆணாவது எட்டில் ஒன்றுதான். அவசரப்பட்டுப் பிடுங்குகிறவர் இந்த எட்டில் ஒன்றைத் தன் கையாலேயே இரண்டில் ஒன்றாக்கிக்கொள்கிறார்.

நான் 60 குழி வைத்தேன். தடித்த தண்டு, அகன்ற இலை பார்த்து ஒவ்வொன்றில் ஒன்றை விட்டேன். ஐந்தாம் மாதம் 34 குழியில் நீளக் காம்பில் கொத்துக்கொத்தாகப் பூ தொங்கியது. அத்தனையும் ஆண். அதுவரை போட்ட எரு, களையெடுத்த கூலி, இறைத்த தண்ணீர் எல்லாம் போச்சு. அந்த இடத்தில் புதுக்கன்று வைத்தேன். பக்கத்து மரங்களின் நிழலில் அவை தேறவில்லை. கன்று வாளிப்பாக இருந்தால் பெண் என்று யார் சொன்னது? இன்றைக்கும் நினைத்தால் ஆறவில்லை.

நாற்று விற்கிற ஒருவர், ஆணிவேர் நேராக இறங்கினால் ஆண், கிளைத்தால் பெண் என்று கன்றைப் பொறுக்கிக் கொடுப்பார். வாங்கிப்போனவர்களுக்கும் பாதிக்குப் பாதிதான் வந்தது.

பெண் பூ தண்டை ஒட்டி, குட்டைக் காம்பில், அடி பருத்து இருக்கும். அதைக் கண்ணால் பார்த்த பிறகு கத்தியை எடுங்கள். அதுவரை மூன்றும் நெருக்காமல் வளர, நடும்போதே குழிக்குள் ஒரு சாண் இடைவெளி விட்டு முக்கோணமாக வையுங்கள்.

எல்லா ஆணையும் வெட்டுவது

பெண் பூ காயாக மகரந்தம் வேண்டுமே; 20 பெண்ணுக்கு ஓர் ஆண் வேண்டும். அங்கங்கே பரவலாக விடுங்கள்.

இருபால் ரகத்தில் பெண்ணை வைப்பது

கோ 3, கோ 7, ரெட் லேடி ஆகியவற்றில் தனி ஆண் வராது. இருபால் மரமும் பெண் மரமும்தான் வரும். இங்கே கணக்கு தலைகீழ். இருபால் மரம் தன் மகரந்தத்திலேயே காய்க்கும், பழம் நீளமாக வரும், சந்தையில் கேட்பதும் அதைத்தான். பெண் மரத்தின் பழம் உருண்டை. பூ மெலிந்து, உள்ளே மகரந்தப்பையோடு இருக்கிற மரத்தை விட்டுப் பெண்ணை எடுங்கள். கோ 8 வைத்துப் பழகிய கை இங்கே தவறாக வெட்டிவிடும்.

பிடுங்குவது

பக்கத்துக் கன்றின் வேரும் சேர்ந்து அறுந்துவிடும். தரையோடு வெட்டுங்கள்.

நோய்க் கன்றுக்கும் பூ வரட்டும் என்று காப்பது

காத்திருப்பது நலமான கன்றுக்கு மட்டும். இலையில் மஞ்சள் தேமல் கண்டு, குருத்து சுருங்கினால் அது வளையப்புள்ளி வைரஸாக இருக்கலாம். அசுவினிப் பூச்சி அதை அடுத்த மரத்துக்குக் கொண்டுபோகும். மருந்து கிடையாது. அன்றைக்கே வெளியேற்றுங்கள்.

அந்தத் தம்பியிடம் பைகளில் இன்னும் கொஞ்சம் கன்று மிச்சம் இருந்தது. நட்டவை முழங்கால் உயரம்தானே, நிழல் இன்னும் விழவில்லை. அன்று சாயங்காலமே இருவரும் குழிக்கு ஒன்றாக அவற்றை வைத்து முடித்தோம்.