டிசிபி ராப்பர் விதிகளைச் சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹோஸ்ட்ஸ்.அலோ, ஹோஸ்ட்ஸ்.டெனை. லினக்ஸ், பிஎஸ்டி சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் பலருக்கும் பழகிய இரண்டு கோப்புகள். எந்த இயந்திரத்திலிருந்து எந்தச் சேவைக்கு வரலாம், யார் வரக்கூடாது என்ற விதிகள் இவற்றில்தான் இருக்கும். நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் கணினிகளுக்குள் ஒருவன் திரும்பத் திரும்பப் புகுந்து கோப்புகளை அழித்துக்கொண்டிருந்தான். அவன் நடமாட்டத்தைக் கவனிக்க வீட்சே வெனமா 1990இல் எழுதிய டிசிபி ராப்பர்தான் இந்தக் கோப்புகளைப் படிக்கிறது. அதன் 7.6ஆம் பதிப்பு 1997இல் வந்தது. இன்றைய டிஸ்ட்ரோக்கள் தருவதெல்லாம் அதன் மேல் ஒட்டுப் போட்டதுதான்.

விதிகளைச் சோதிக்க இதனுடனேயே இரண்டு கட்டளைகள் வருகின்றன. கோப்பில் எழுத்துப் பிழை, இல்லாத பெயர், பொருந்தாத அமைப்பு ஏதும் உண்டா என்று பார்ப்பது டிசிபிடிசெக். இந்தச் சேவைக்கு இந்த இடத்திலிருந்து ஒருவர் வந்தால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே சொல்வது டிசிபிடிமேட்ச். இரண்டும் நல்ல கருவிகள். ஆனால் நாம் என்ன கேட்கிறோமோ அதற்கு மட்டுமே பதில் சொல்லும். நாம் கேட்காமல் விட்டதற்கும் சேர்த்து அந்தப் பதிலை நம்பிவிடுவதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

ஆபத்தான தவறு இது: சேவை இந்தக் கோப்புகளைப் படிக்கிறதா என்று பார்க்காமலே விதியைச் சோதிப்பது. டிசிபிடிமேட்ச் கோப்பைப் படித்துக் கணக்குப் போடுமே தவிர, தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்எஸ்எச் சேவையின் நிரலான எஸ்எஸ்எச்டியிடம் போய் “நீ இதைப் படிக்கிறாயா?” என்று கேட்காது. டிசிபி ராப்பரின் லிப்ராப் நூலகத்தோடு சேர்த்துக் கட்டப்பட்ட சேவைகளும், இணைப்பு வரும்போது சேவைகளைத் தொடங்கிவைக்கும் ஐநெட்டி வழியாக, டிசிபி ராப்பரின் டிசிபிடி நிரலால் தொடங்கப்படும் சேவைகளும்தான் இந்த விதிகளுக்குக் கட்டுப்படும். எஸ்எஸ்எச்டியைத் தரும் ஓப்பன்எஸ்எஸ்எச் தன் 6.7 பதிப்பில், 2014இல், இந்த ஆதரவை எடுத்துவிட்டது. டெபியனும் உபுண்டுவும் அதைத் தாங்களே திரும்பச் சேர்த்துக்கொண்டன. ஃபெடோரா 28, ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8 ஆகியவற்றில் டிசிபி ராப்பரே கிடையாது. பழைய சர்வரிலிருந்து புதியதற்கு மாறும்போது அமைப்புக் கோப்புகள் இருக்கும் எட்சி அடைவை அப்படியே நகலெடுத்தால், ஹோஸ்ட்ஸ்.டெனை கோப்பும் கூடவே வந்து உட்கார்ந்திருக்கும். அதை யாருமே படிக்க மாட்டார்கள்.

அதனால் முதல் வேலை, ஒரு நிரல் எந்த நூலகங்களைப் பயன்படுத்துகிறது என்று காட்டும் எல்டிடி கட்டளைக்குச் சேவையின் முழுப் பாதையைக் கொடுத்து, வரும் பட்டியலில் லிப்ராப் இருக்கிறதா என்று பார்ப்பது. ஓப்பன்எஸ்எஸ்எச் 9.8 முதல் ஒவ்வொரு இணைப்பையும் கவனிக்கும் வேலை எஸ்எஸ்எச்டி-செஷன் என்ற தனி நிரலுக்குப் போய்விட்டது, அதையும் சேர்த்துப் பாருங்கள். அப்பாச்சி, எஞ்சின்எக்ஸ், போஸ்ட்கிரெஸ் போன்றவற்றுக்கு இந்தக் கோப்புகளில் விதி எழுதுவதே வீண். அவற்றுக்குத் தனி அமைப்புகள் உண்டு, இல்லையென்றால் ஃபயர்வால்தான்.

அடுத்தது பெயர். விதியில் வர வேண்டியது ஓடும் நிரலின் பெயர், அதாவது எஸ்எஸ்எச்டி. கை பழக்கத்தில் எஸ்எஸ்எச் என்று அடித்துவிடுகிறோம். சோதனையிலும் அதையே அடித்தால் டிசிபிடிமேட்ச் அதற்கும் பதில் சொல்லும். அதிகம் போனால், அப்படி ஒரு ப்ராசஸ் இல்லை என்று ஓர் எச்சரிக்கை வரும். எந்தச் சேவைக்கும் யாரையும் விடாதே என்று சொல்லும் ‘ஆல்: ஆல்’ ஹோஸ்ட்ஸ்.டெனையில் இருந்தால் வாய்க்கு வந்த எந்தப் பெயரைக் கொடுத்தாலும் ‘டினைடு’ என்றுதான் வரும். நாம் எதிர்பார்த்த பதிலும் அதுதான் என்பதால் சந்தேகமே வராது. எனவே ஒவ்வொரு விதிக்கும் இரண்டு பக்கமும் சோதிக்க வேண்டும். உள்ளே வர வேண்டிய முகவரி ஒன்று, வரக்கூடாத முகவரி ஒன்று. இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால், நீங்கள் நினைக்கும் விதி வேலை செய்யவில்லை.

பொருந்திய வரியின் எண்ணையும் டிசிபிடிமேட்ச் காட்டும். பலர் அதைத் தாண்டிப் போய் கடைசி வரியை மட்டும் பார்க்கிறார்கள். ஃப்ரீபிஎஸ்டியில் இது ரொம்பவே முக்கியம். அங்கே ஹோஸ்ட்ஸ்.அலோ கோப்பின் முதல் விதியே எல்லோரையும் அனுமதிக்கும் ‘ஆல்: ஆல்: அலோ’. இந்த வரி இருக்கும்வரை கீழே உள்ளவை வேலை செய்யாது, பாதுகாப்பு வேண்டுமானால் எடுத்துவிடுங்கள் என்று கோப்பிலேயே குறிப்பும் இருக்கும். அதைப் படிக்காமல் கடைசியில் போய் விதி சேர்ப்பவர்கள் உண்டு. முதலில் பொருந்தும் விதியோடு தேடல் முடிந்துவிடும். முதலில் அலோ கோப்பு, அதில் பொருந்தவில்லை என்றால் டெனை கோப்பு, அதிலும் இல்லையென்றால் அனுமதி. இந்தக் கடைசிப் பகுதியை மறந்துவிட்டு, அலோ கோப்பில் எழுதினாலே மற்றவர்கள் தானாகத் தடுக்கப்படுவார்கள் என்று நினைப்பது பரவலான தவறு.

இனி, ஐபி முகவரியை வைத்துச் சோதிப்பதற்கும் பெயரை வைத்துச் சோதிப்பதற்கும் உள்ள வேறுபாடு. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஹோஸ்ட்ஸ்.அலோவில் ‘எஸ்எஸ்எச்டி: .எக்ஸாம்பிள்.காம்’ என்றும், டெனையில் ‘ஆல்: ஆல்’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த டொமைனில் உள்ள ஒரு கணினியின் முகவரி 203.0.113.7. டிசிபிடிமேட்சுக்கு அந்த முகவரியைக் கொடுத்தால் ‘டினைடு’ வரும். அதே கணினியின் பெயரைக் கொடுத்தால் ‘கிராண்டட்’ வரும். கருவியில் கோளாறு என்று தோன்றும். அப்படியில்லை. வெறும் முகவரி கொடுத்தால், பெயர் தேடல் தோற்றுப்போன நிலையில் என்ன நடக்கும் என்பதைத்தான் அது சொல்கிறது. பெயரைக் கொடுத்தால், அந்தப் பெயருக்கு உள்ள ஒவ்வொரு முகவரிக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லும்.

அனுமதிக்கும் விதியில் இது தலைவலியோடு போய்விடும். தடுக்கும் விதியில் ஓட்டையாகவே ஆகிவிடும். டெனையில் ஒரு டொமைன் பெயரைப் போட்டுத் தடுத்திருக்கிறீர்கள், பெயரை வைத்துச் சோதித்தீர்கள், ‘டினைடு’ வந்தது, சரி. ஆனால் நிஜத்தில் சர்வருக்கு வருவது முகவரிதான். அதிலிருந்து பெயரைக் கண்டுபிடிக்கத் தேவையான டிஎன்எஸ் பதிவு, அந்த முகவரியை வைத்திருப்பவர் கையில் இருக்கிறது. அவர் அந்தப் பதிவை எடுத்துவிட்டால் உங்கள் சர்வரைப் பொறுத்தவரை அவர் பெயர் தெரியாதவர். பெயரை வைத்து எழுதிய தடை அவர்மேல் பொருந்தாது, உள்ளே வந்துவிடுவார். தடையை முகவரியை வைத்து எழுதுவதுதான் உறுதி. பெயரை வைத்துத்தான் எழுத வேண்டும் என்றால், கிளையன்ட் இருக்கும் இடத்தில் ‘அன்னோன்’, ‘பாரனாய்டு’ என்ற இரண்டு சொற்களையும் கொடுத்துச் சோதித்துவிடுங்கள். முதலாவது பெயர் தெரியாதவருக்கு, இரண்டாவது பெயரும் முகவரியும் ஒத்துப்போகாதவருக்கு. இந்தச் சோதனையை அந்த சர்வரிலேயே செய்ய வேண்டும், உங்கள் மடிக்கணினியில் அல்ல. டிஎன்எஸ்ஸும், பெயர்-முகவரிப் பட்டியலான எட்சி அடைவின் ஹோஸ்ட்ஸ் கோப்பும் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

கோப்பை எழுதும் விதத்தில் வரும் தவறுகளில் ஒன்று எனக்குப் பெரிய கவலையாகவே இருக்கிறது. டிசிபி ராப்பரில் வரியின் தொடக்கத்தில் வரும் ஹேஷ் குறிதான் கருத்துரை. வரியின் நடுவில் போட்டால் அது கருத்துரை ஆகாது. மற்ற அமைப்புக் கோப்புகளில் பழகிய கையோடு ஒருவர் இப்படி எழுதுகிறார் என்று வையுங்கள்:

எஸ்எஸ்எச்டி: 192.168.5. # ஆல் ஆபீஸ் மெஷின்ஸ்

அவர் நினைப்பது, அலுவலகக் கணினிகள் எல்லாவற்றுக்கும் அனுமதி. டிசிபி ராப்பர் படிப்பதோ ஐந்து கிளையன்ட்களின் பட்டியல்: 192.168.5. என்ற முன்னொட்டு, ஹேஷ், ஆல், ஆபீஸ், மெஷின்ஸ். நடுவில் இருக்கும் ‘ஆல்’ உலகத்தில் உள்ள அத்தனை பேரையும் உள்ளே விடும் சொல். அலுவலகத்திலிருந்து சோதித்தால் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். வெளி முகவரி ஒன்றைக் கொடுத்துச் சோதித்தால்தான் விஷயம் பிடிபடும். டிசிபிடிசெக் கட்டளையை மைனஸ் வி சேர்த்து ஓட்டினால், ஒவ்வொரு விதியிலும் டீமன் (சேவை நிரல்) எது, கிளையன்ட்கள் யார் யார் என்று பிரித்துக் காட்டும். அந்தப் பட்டியலைக் கண்ணால் ஒருமுறை படித்துவிட்டால் இந்த மாதிரிப் பிழை தப்பவே முடியாது.

புள்ளியும் அப்படித்தான். 192.168.5 என்று எழுதி முடிவில் புள்ளி வைக்காவிட்டால் அது முன்னொட்டு இல்லை, எதனோடும் பொருந்தாது. டொமைனுக்கு முன்னால் புள்ளி இல்லையென்றால் அந்த ஒரே பெயரோடு மட்டும் பொருந்தும். சாய்கோடு 24 என்ற சுருக்கத்தைப் பழைய கட்டமைப்புகள் புரிந்துகொள்ளாது, 192.168.5.0/255.255.255.0 என்று முழு மாஸ்க்கோடு எழுதினால் எல்லா இடத்திலும் செல்லும்.

அப்புறம், கோப்பின் கடைசி வரி. அது புதுவரிக் குறியோடு முடியவில்லை என்றால் டிசிபி ராப்பர் அந்த வரியையே விட்டுவிடும். ஸ்கிரிப்ட் வழியாகக் கோப்பை எழுதும்போது இது எளிதாக நடக்கும். ஹோஸ்ட்ஸ்.டெனையின் கடைசி வரி, பெரும்பாலும் ஒரே வரி, எது என்று யோசித்துப் பாருங்கள். ‘ஆல்: ஆல்’தான். கேட் கட்டளையில் பார்த்தால் வரி அழகாகத் தெரியும், ஆனால் தடை இருக்காது. சோதனைக் கருவிகளை ஓட்டினால், புதுவரி இல்லை அல்லது வரி மிக நீளம் என்ற எச்சரிக்கை திரையிலேயே வரும். எச்சரிக்கைதானே என்று தள்ளிவிடாதீர்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் கோப்பிலேயே திருத்திப் பார்ப்பதும் வேண்டாம். டிசிபி ராப்பருக்கு மறுதொடக்கம் எதுவும் தேவையில்லை, சேமித்த கணமே அடுத்த இணைப்புக்கு விதி அமலுக்கு வந்துவிடும். டிசிபிடிமேட்ச், டிசிபிடிசெக் இரண்டிலும் மைனஸ் டி என்று ஒரு தெரிவு இருக்கிறது. அதைக் கொடுத்தால் எட்சியை விட்டுவிட்டு, நாம் நிற்கும் அடைவில் உள்ள கோப்புகளைப் படிக்கும். தனி அடைவில் நகலெடுத்து, அங்கே திருத்தி, சோதித்து, பிறகு இடம் மாற்றலாம். இதில் ஒன்று கவனம்: இரண்டு கோப்புகளையும் நகலெடுக்க வேண்டும். இல்லாத கோப்பை அது காலிக் கோப்பாகவே எடுத்துக்கொள்ளும். டெனையை நகலெடுக்க மறந்தால் எல்லோருக்கும் ‘கிராண்டட்’ வரும்.

ஐநெட்டி இல்லாத இன்றைய சர்வர்களில் டிசிபிடிமேட்ச், ஐநெட்டி.கான்ஃப் கோப்பைக் காணோம் என்று சொல்லி நின்றுவிடலாம். மைனஸ் ஐ கொடுத்து ஒரு காலிக் கோப்பைக் காட்டினால் போதும். ‘கிராண்டட்’, ‘டினைடு’ இரண்டும் இல்லாமல் ‘டெலிகேட்டட்’ என்று வந்தால், அந்த விதியில் ட்விஸ்ட் இருக்கிறது, இணைப்பு வேறொரு கட்டளையிடம் ஒப்படைக்கப்படும் என்று பொருள். சோதனையில் அந்தக் கட்டளை ஓடாது. இந்தச் சோதனைகளை ஸ்கிரிப்டில் வைப்பதாக இருந்தால், வெளியேறும் குறியீட்டை நம்பாமல் ‘அக்சஸ்’ என்று தொடங்கும் வரியைப் படித்து ஒப்பிடுங்கள்.

கணக்கு சரியாக வந்த பிறகு நிஜமான இணைப்பு. அதிலும் சறுக்கல்கள் உண்டு. திறந்திருக்கும் எஸ்எஸ்எச் செஷன் தொடர்ந்து ஓடுகிறது என்பது எதற்கும் சான்றில்லை, ஏனென்றால் விதி பார்க்கப்படுவது இணைப்பு தொடங்கும்போது மட்டுமே. அதே காரணத்தால்தான் அந்தச் செஷனை மூடாமல் வைத்துக்கொண்டு, இன்னொரு டெர்மினலிலிருந்து புதிதாக நுழைந்து பார்க்க வேண்டும். விதி தவறாக இருந்தால் திருத்துவதற்கு உள்ளே ஒரு கால் இருக்கும். சர்வரிலிருந்தே லோக்கல்ஹோஸ்டுக்கு இணைத்துப் பார்ப்பதிலும் குழப்பம் வரும். ‘127.’ என்று விதி எழுதியிருப்பீர்கள், இணைப்பு ஐபிவி6 வழியாக ::1 என்ற முகவரியிலிருந்து போகும். ஐபிவி6 முகவரிகளைச் சதுர அடைப்புக்குள் தனியாக எழுத வேண்டும்.

நெட்கேட் என்ற இணைப்புக் கருவியால் போர்ட்டைத் தட்டிப் பார்த்து, இணைகிறதே, அப்படியானால் விதி வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டுபவர்களும் உண்டு. டிசிபி கைகுலுக்கலைக் கெர்னலே முடித்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் டிசிபி ராப்பர் விதியைப் பார்த்து இணைப்பை மூடும். அதனால் தடுக்கப்பட்டவருக்கும் முதலில் இணைந்ததாகவே தெரியும். போர்ட்களை ஆராயும் என்மேப் கருவி சேவைப் பதிப்பைத் தேடும்போது ‘டிசிபிராப்டு’ என்று சொல்வது இந்த நடத்தையைப் பார்த்துத்தான். கைகுலுக்கல் முடிந்தது, தரவு எதுவும் வராமல் மறுபக்கம் மூடிவிட்டது என்பது மட்டுமே அதன் பொருள். எஸ்எஸ்எச் கிளையன்டில், மறுபக்கம் இணைப்பை மூடிவிட்டது என்ற செய்தி உடனே வரும். பதிலே இல்லாமல் நேரம் கடந்து நின்றால் நடுவில் ஃபயர்வால் பாக்கெட்டை விழுங்குகிறது. ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ வந்தால் அந்தப் போர்ட்டில் யாரும் கேட்கவில்லை, அல்லது ஃபயர்வால் திருப்பி அனுப்புகிறது. இந்தக் கடைசி இரண்டிலும் ஹோஸ்ட்ஸ்.அலோவைத் திருத்திக்கொண்டிருப்பதில் பயனில்லை.

எது தடுத்தது என்று உறுதியாகத் தெரிய சர்வரின் லாகைத் திறந்துவைத்துக்கொண்டே வெளியிலிருந்து இணையுங்கள். டெபியன், உபுண்டுவில் ஆத்.லாக் கோப்பிலோ ஜர்னல்சிடிஎல் வழியாகவோ எஸ்எஸ்எச்டி எழுதும் ‘ரெஃப்யூஸ்டு கனெக்ட் ஃப்ரம்’ என்ற வரியும் அதன் பக்கத்தில் நீங்கள் முயன்ற முகவரியும் தெரிந்தால், தடுத்தது டிசிபி ராப்பர்தான்.