கிராம சபைக்கு முதல் தடவை போறீங்களா? உங்க தெரு பிரச்சினையை தீர்மானத்துல ஏத்துறது எப்படி

கிராம சபைக்கு போனா என்ன கிடைக்கும்னு கேட்டா, டீயும் மிக்சரும்னு சொல்ற ஆளுங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க. சில ஊர்ல அதுவும் கிடைக்கறதில்ல, அது வேற விஷயம். ஆனா அந்த கூட்டத்துல ஒரு நோட்டு இருக்கும் பாருங்க, தீர்மான புத்தகம், அதுல எழுதினது மட்டும்தான் மறுநாள் காலைல உயிரோட இருக்கும். மைக்ல நீங்க எவ்வளவு சத்தமா பேசினாலும் அதுல ஏறலைன்னா அது பேசாத மாதிரிதான். அதனால இந்த பதிவு முழுக்க ஒரே வேலைக்குத்தான், உங்க தெரு பிரச்சினையை அந்த நோட்டுல நாலு வரியா எழுத வைக்கிறதுக்கு.

முதல்ல நீங்க கிராம சபைல மெம்பரான்னு பாருங்க

உங்க ஊராட்சி வாக்காளர் பட்டியல்ல பேர் இருந்தா நீங்க கிராம சபை உறுப்பினர், அவ்வளவுதான். யாரும் சேர்த்துக்கணும்னு அவசியமில்ல, சந்தா கிடையாது, தலைவருக்கு ஓட்டு போட்டீங்களா இல்லையான்னு யாரும் கேக்க முடியாது. அரசியல் சட்டத்துலயே 243அ பிரிவு இதுக்குன்னு இருக்கு, 73வது திருத்தம் 1993 ஏப்ரல் 24ல அமலுக்கு வந்தப்ப சேர்ந்தது, அடுத்த வருஷமே தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994 வந்துடுச்சு.

சென்னைலயோ திருப்பூர்லயோ வேலை பாத்துக்கிட்டு ஓட்டு மட்டும் ஊர்ல வச்சிருக்கறவங்களும் உறுப்பினர்தான், தாராளமா வந்து பேசலாம். உங்க ஊர் பேரூராட்சியாவோ நகராட்சியாவோ இருந்தா இது உங்களுக்கு இல்ல, உங்களுக்கு வார்டு அளவுல பகுதி சபைன்னு தனியா ஒண்ணு இருக்கு, அதுக்கு விதியெல்லாம் வேற.

தேதியை காலண்டர்ல குறிச்சுக்கோங்க

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இந்த நாலும் ரொம்ப காலமா இருக்கறது. 2022ல மார்ச் 22 உலக தண்ணீர் தினம், நவம்பர் 1 உள்ளாட்சி தினம்னு இன்னும் ரெண்டு சேர்த்து வருஷத்துக்கு ஆறுன்னு அரசு அறிவிச்சுது. தேர்தல் நடத்தை விதி இருந்தாலோ மழை வெள்ளம் வந்தாலோ தள்ளிப்போகும். கூட்டத்துக்கு 7 நாள் முன்னாடியே நோட்டீஸ் வரணும், பெரும்பாலும் காலைல 11 மணின்னு போடுவாங்க. கோயில், சர்ச், பள்ளிவாசல் வளாகத்துல நடத்தக்கூடாதுன்னு கலெக்டர் அறிக்கைல ஒவ்வொரு தடவையும் சொல்வாங்க, அதனால பள்ளிக்கூடம், ஊராட்சி ஆபீஸ், சமுதாய கூடம் இந்த மாதிரி இடம்தான்.

நோட்டீஸ் எங்க ஒட்டியிருக்குன்னு கேட்டா ஊராட்சி ஆபீஸ் சுவத்துலன்னு சொல்வாங்க, போய் பாத்தா போன வருஷ டெங்கு போஸ்டருக்கு பின்னாடி இருக்கும். போன்ல ஒரு போட்டோ எடுத்து தெரு வாட்ஸ்அப் குரூப்ல போட்டுடுங்க, தேதியும் இடமும் தெரிஞ்சாலே பத்து பேர் கூட வருவாங்க.

எந்த பிரச்சினை, அது யார் வேலை

ஆரம்பிக்கறவங்க நிறைய பேர் சறுக்கறது இங்கதான். ஒரே மனுல தெருவிளக்கு, பட்டா, முதியோர் பென்ஷன், பஸ் வரல, ரேஷன்ல பருப்பு இல்லன்னு எல்லாத்தையும் அடுக்கி குடுத்தா எல்லாமே "ஆவன செய்யப்படும்"ல போய் முடியும். ஒரு கூட்டத்துக்கு ஒரு பிரச்சினை, மிஞ்சினா ரெண்டு.

குடிநீர், தெருவிளக்கு, கழிவுநீர் வாய்க்கால், குப்பை, சுடுகாட்டு பாதை, ஊராட்சி ரோடு, இதெல்லாம் ஊராட்சியோட சொந்த வேலை, தீர்மானம் போட்டா காசு ஒதுக்கி செய்ய வேண்டியது அவங்களே. பஸ், கரண்டு, நெடுஞ்சாலை, டாஸ்மாக், பட்டா இதெல்லாம் வேற துறை, இங்க தீர்மானம் போட்டா அந்த துறைக்கு ஊர் சார்பா அனுப்பற கோரிக்கைன்னுதான் அர்த்தம்.

அப்ப ரெண்டாவது வகை தீர்மானத்தால பிரயோஜனமே இல்லையான்னா, அப்படியும் சொல்ல முடியாது. மதுரை மேலூர் பக்கம் அரிட்டாபட்டி விஷயம் ஞாபகம் இருக்கும். 2024 நவம்பர்ல அங்க டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிஞ்ச சேதி வந்துச்சு, அந்த மாசமே 23ம் தேதி நடந்த கிராம சபைல அரிட்டாபட்டியும் சுத்துப்பட்டு ஊராட்சிகளும் வேண்டாம்னு தீர்மானம் போட்டாங்க, டிசம்பர்ல சட்டசபையும் தீர்மானம் போட்டுச்சு, 2025 ஜனவரி 23ல மத்திய அரசு ஏலத்தை ரத்து பண்ணிடுச்சு. நடுவுல ஜனங்க மதுரை வரைக்கும் நடந்து போய் போராடினதையும் சேர்த்துத்தான் சொல்லணும், வெறும் பேப்பரால மட்டும் அது நடக்கல. ஆனா ஊர் மொத்தமும் வேண்டாம்னு சொல்லுதுன்னு காட்டறதுக்கு கைல ஒரு பேப்பர் இருந்துச்சு. ஒடிசா நியம்கிரில 2013ல உச்ச நீதிமன்றம் கிராம சபையையே கேளுங்கன்னு சொல்லி, 12 கிராம சபையும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம்னு சொன்னதும் இதே ரகம்தான்.

நமக்கு இப்ப அவ்வளவு பெரிய விஷயம் வேண்டாம். மேலத்தெரு சாக்கடையை எடுத்துக்குவோம்.

மனு எழுதறது

"எங்க தெருல சாக்கடை பிரச்சினை இருக்கு, நடவடிக்கை எடுங்க"ன்னு எழுதாதீங்க. படிக்கிற ஊராட்சி செயலர் அதை அப்படியே தீர்மானமா காப்பி பண்ற மாதிரி எழுதி குடுங்க, அவருக்கும் வேலை மிச்சம். இப்படி:

"பொருள்: மேலத்தெரு வடக்குக் கடைசியில் உள்ள அடிபம்பு அருகில் தேங்கும் கழிவுநீரை வெளியேற்ற வடிகால் அமைத்தல். மேற்படி இடத்தில் தேங்கும் நீர் அடிபம்பைச் சுற்றி நிற்பதால் குடிநீர் எடுக்க இயலவில்லை. அடிபம்பிலிருந்து பள்ளிக்கூடத்தை ஒட்டிய பிரதான வாய்க்கால் வரை சுமார் 40 மீட்டர் நீளத்துக்கு வடிகால் அமைக்க மதிப்பீடு தயாரித்து, நடப்பு நிதியாண்டிலேயே பணி மேற்கொள்ள இக்கிராம சபை தீர்மானிக்கிறது."

பாத்தீங்களா, எங்க ஆரம்பிச்சு எங்க முடியணும், எவ்வளவு நீளம், எந்த வருஷம், எல்லாம் இருக்கு. நீளத்தை சும்மா அடிச்சு விடாதீங்க, ஒரு டேப் எடுத்துட்டு போய் அளந்துடுங்க, இல்லைன்னா காலடியாவது வச்சு எண்ணுங்க. போட்டோ ரெண்டு பிரிண்ட் போட்டு பின் பண்ணுங்க. கீழ அந்த தெரு ஆளுங்க கையெழுத்து, கதவு நம்பரோட. பொம்பளைங்க கையெழுத்து கட்டாயம் வேணும்னு நான் சொல்வேன், ஏன்னா தண்ணி பிடிக்க நிக்கறது அவங்கதான், கூட்டத்துல அவங்க எழுந்து சொன்னா யாராலயும் மறுத்து பேச முடியாது.

நிதி இல்லைன்னு ஒரு பதில் ரெடியா வச்சிருப்பாங்க. அதுக்காக இதை தெரிஞ்சு வச்சுக்கோங்க: 15வது நிதிக்குழு 2021லேர்ந்து 2026 வரைக்கும் குடுத்த மானியத்துல 60% குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்னே ஒதுக்கினது. உங்க ஊராட்சிக்கு எவ்வளவு வந்துச்சு, எதுக்கு செலவாச்சுன்னு இ-கிராம்ஸ்வராஜ் வெப்சைட்ல யார் வேணாலும் பாக்கலாம், லாகின் எல்லாம் தேவையில்ல. கூட்டத்துக்கு முந்தின நாள் ராத்திரி அதை ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க.

கூட்டத்துக்கு முன்னாடியே குடுத்துடுங்க

கூட்டத்தன்னைக்கு போய் மனுவை நீட்டினா அது மத்த மனுக்களோட ஒரு மஞ்சப்பைக்குள்ள போய்டும். நாலஞ்சு நாள் முன்னாடியே ஊராட்சி செயலர்கிட்ட ரெண்டு காப்பி குடுத்து ஒண்ணுல சீலும் தேதியும் வாங்கிக்கோங்க. சீல் இல்லைன்னு சொன்னா ஸ்பீடு போஸ்ட்ல ஊராட்சி ஆபீசுக்கு ஒண்ணு, ஒன்றிய ஆபீஸ்ல பிடிஓவுக்கு, அதாவது வட்டார வளர்ச்சி அலுவலருக்கு ஒண்ணு. 28 மாவட்டத்துல தலைவர்களோட பதவிக்காலம் 2025 ஜனவரியோட முடிஞ்சு தனி அலுவலர் பொறுப்புக்கு போயிடுச்சு, அந்த மாதிரி தலைவர் இல்லாத நேரத்துல மனுவோட முகவரில தனி அலுவலர்னு போடணும். தலைவர் இல்லைன்னு கிராம சபையே கிடையாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, அது நடந்துதான் ஆகணும்.

அப்படியே வார்டு மெம்பர் இருந்தா அவர்கிட்டயும் ஒரு வார்த்தை. "அண்ணே, நம்ம தெரு சாக்கடையை இந்த தடவை எழுதி குடுத்திருக்கோம், நீங்களே முன்மொழியுங்க"ன்னு கேட்டுப்பாருங்க, பேர் கிடைக்குதுன்னா வேண்டாம்னு சொல்ல மாட்டாரு.

அன்னைக்கு காலைல

பத்தரைக்கே போய்டுங்க. உள்ள நுழையறப்பவே ஒரு ரிஜிஸ்டர் நீட்டி கையெழுத்து கேப்பாங்க, இதுல கொஞ்சம் கவனம். வருகைப்பதிவுல கையெழுத்து போடுங்க, போடணும், ஏன்னா குறைவெண் வரம்புன்னு ஒண்ணு இருக்கு, கூட்டம் செல்லணும்னா குறைஞ்சது இத்தனை பேர் வரணும்னு: மக்கள்தொகை 500 வரைக்கும்னா 50 பேர், 3000 வரைக்கும் 100, 10000 வரைக்கும் 200, அதுக்கு மேல 300. ஆனா நீங்க கையெழுத்து போடற பக்கம் எதுன்னு மேல பாருங்க. "கலந்து கொண்டோர்"னு தலைப்பு இருந்தா சரி. தலைப்பே இல்லாம வெறும் பக்கமா இருந்தா "என்னங்க சார் இது, மேல எழுதிட்டு குடுங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே கேளுங்க. வெத்துப் பக்கத்துல போட்ட கையெழுத்துக்கு மேல பின்னாடி என்ன வேணாலும் வந்து உக்காரும்.

கூட்டம் ஆரம்பிச்சதும் பொருள் பொருளா வாசிப்பாங்க, ரொம்ப வேகமா, மூச்சே விடாம. அதுல முக்கியமானது வரவு செலவு கணக்கு, படிவம் 30ன்னு சொல்வாங்க. ஜனங்க பாக்கற மாதிரி அதை வச்சு ஒப்புதல் வாங்கணும். இந்த இடத்துல எல்லாரும் பக்கத்துல இருக்கறவங்களோட பேசிக்கிட்டிருப்பாங்க, நீங்க மட்டும் காதை குடுங்க. மோட்டார் ரிப்பேர், பைப்லைன் பராமரிப்பு, தெருவிளக்கு சாமான், இந்த மூணு தலைப்புல எவ்வளவுன்னு குறிச்சுக்கோங்க. "தெருவிளக்கு சாமான் வாங்கினதுல எங்க தெருவுக்கு எத்தனை வந்துச்சுங்க?"ன்னு ஒரே ஒரு கேள்வி, சண்டை இல்லாம, அது போதும். மத்ததை அவங்களே விளக்க ஆரம்பிச்சுடுவாங்க.

உங்க முறை வரும்போது

பேர், தெரு, மனு குடுத்த தேதி, என்ன வேணும். இவ்வளவுதான். பழைய தலைவர் காலத்து கதை, தேர்தல் கதை, பங்காளி தகராறு எதையும் இழுக்காதீங்க, இழுத்தா கூட்டம் ரெண்டா பிரிஞ்சு உங்க சாக்கடை அதுலயே மூழ்கிடும். நீங்க பேசி முடிச்சதும் தெருக்காரங்க நாலு பேர் கை தூக்கி "ஆமா, அதை எழுதுங்க"ன்னு சொல்லணும், இதை முதல் நாளே பேசி வச்சுக்கோங்க, வெக்கப்பட வேண்டியதில்ல.

"குறிச்சுக்கிட்டோம்பா, பாத்துக்கலாம்"னு பதில் வரும். அப்ப உக்காரக்கூடாது. "தீர்மானமா எழுதிடுங்க, இதோ மனுலயே வாசகம் இருக்கு"ன்னு காப்பியை கைல குடுங்க. கூட்டத்தை கவனிக்க மேல ஆபீஸ்லேர்ந்து வந்திருக்கற அதிகாரி, பற்றாளர்னு சொல்வாங்க, அவர் ஓரமா உக்காந்து பைல் பாத்துக்கிட்டு இருப்பார், அவரை பாத்து மரியாதையா "சார், நீங்களும் பதிவு பண்ணிக்கோங்க"ன்னு சொல்லுங்க. ஊர்க்காரங்களுக்குள்ள ஆயிரம் மனஸ்தாபம் இருக்கும், அவருக்கு ஒண்ணும் கிடையாது, அதனால பெரும்பாலும் எழுதச் சொல்லிடுவார்.

கிளம்பறதுக்கு முன்னாடி

நன்றியுரை முடிஞ்சதும் பாதி பேர் எழுந்துடுவாங்க, சேர் அடுக்கற சத்தம் கேக்க ஆரம்பிக்கும். நீங்க இருங்க. தீர்மான புத்தகத்தை கேட்டு வாங்கி உங்க தீர்மானத்தை படிங்க, நம்பர் என்னன்னு பாருங்க, முடிஞ்சா போட்டோ எடுங்க. "கழிவுநீர் பிரச்சினை குறித்து விவாதிக்கப்பட்டது"ன்னு இருந்தா அது தீர்மானமே இல்ல, விவாதிச்சாங்க, போனாங்க, அவ்வளவுதான். "பணி மேற்கொள்ள தீர்மானிக்கப்பட்டது"ன்னு இருக்கணும். மாத்தி எழுதச் சொல்லுங்க, அங்கயே, அப்பவே. "அப்புறமா ஃபேர் காப்பி எழுதிக்கறோம் தம்பி, நீங்க போங்க"ன்னு சொன்னா, "பரவால்லங்க, வெயிட் பண்றேன்"னு திரும்ப உக்காந்துக்கோங்க.

அப்புறம்

ரெண்டு மூணு வாரம் விட்டு ஒரு ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமை சட்டத்துல ஒரு மனு போடுங்க. வெள்ளை பேப்பர், 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், ஒன்றிய ஆபீஸ் பொது தகவல் அலுவலருக்கு, 6(1) பிரிவுன்னு போட்டு, இந்த தேதி கிராம சபை தீர்மானங்களோட நகல், தீர்மான நம்பர் இத்தனை மேல எடுத்த நடவடிக்கை, மதிப்பீடு தயாராயிருந்தா அதோட நகல். ஏன் வேணும்னு காரணம் சொல்ல வேண்டியதில்ல. 30 நாள்ல பதில் வரணும், வரலைன்னா அடுத்த 30 நாளைக்குள்ள முதல் மேல்முறையீடு. தப்பான ஆபீசுக்கு அனுப்பியிருந்தாலும் 5 நாளைக்குள்ள சரியான இடத்துக்கு அவங்களே மாத்தி அனுப்பணும்னு 6(3)ல இருக்கு, அதனால அட்ரஸ் பாத்து பயப்பட வேண்டாம்.

நகல் கைக்கு வந்ததும் அதை எடுத்துக்கிட்டு திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு போங்க. ஊராட்சிகளுக்கு ஆய்வாளர் மாவட்ட கலெக்டர்தான், வெறும் மனுவை விட கிராம சபை தீர்மான நகலோட போற மனு வேற மாதிரி நகரும். அடுத்த கிராம சபைல எழுந்து "போன கூட்டத்து தீர்மானம் நம்பர் இத்தனை, என்ன ஆச்சுங்க?"ன்னு அதே நம்பரை சொல்லி கேளுங்க. தெருக்காரங்க ஒருத்தர் வீட்ல ஒரு பைல் போட்டு சீல் வச்ச காப்பி, போட்டோ, ஆர்டிஐ பதில் எல்லாத்தையும் தேதி வாரியா வச்சுக்கோங்க, நீங்க வேலைக்கு வெளியூர் போயிட்டாலும் அடுத்த ஆள் அதை எடுத்துட்டு போய் நிப்பாங்க.