பழைய அவுட்போர்டு எஞ்சின் சூடேறினால் எங்கிருந்து தேடத் தொடங்குவது?

பாக் விரிகுடாவைப் போன்ற ஆழம் குறைந்த, சேறும் கடற்புல்லும் மிகுந்த கடலில் ஓடி, கைமாறி வந்த, படகின் பின்னே வெளிப்புறமாக மாட்டும் இரண்டு ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சினை வாங்கும்போது, அதன் பின்புறத்திலிருந்து பீய்ச்சும் சிறு நீர்த்தாரையைப் பார்த்துவிட்டு, "தண்ணீர் நன்றாக வருகிறது" என்று விற்பவரும் வாங்குபவரும் நிறைவடைந்துவிடுவதுண்டு. எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரைப் பம்ப் மேலே ஏற்றுகிறது என்பதை மட்டுமே அந்தத் தாரை காட்டும். பல எஞ்சின்களில் அது, சூட்டைப் பொறுத்து நீர்வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டை எட்டுவதற்கு முன்பே கிளை பிரிந்து வெளியேறும் தண்ணீர் என்பதால், சிலிண்டரின் மூடியான ஹெட்டுக்குள் உப்பு இறுகி வழியை அடைத்திருந்தாலும் தாரை வலுவாகவே இருக்கும். ஆகவே சூடேறும் எஞ்சினில் கோளாறைத் தேடுபவர், தண்ணீர் உள்ளே நுழையும் இடத்தில் தொடங்கி, அது செல்லும் வழியிலேயே மேல்நோக்கிச் சென்று பார்க்க வேண்டும்.

கடலில் எச்சரிக்கை ஒலி எழுந்தாலோ, எஞ்சின் வேகம் தானாகக் குறைந்தாலோ, தாரையில் ஆவி கலந்து வந்தாலோ உடனே எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். பிறகு எஞ்சினைத் தூக்கி, கியர் பெட்டியின் பக்கவாட்டில் உள்ள நீர் நுழையும் துளைகளில் பிளாஸ்டிக் பையோ வலைத்துண்டோ கடற்புல்லோ சிக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கொதிக்கும் எஞ்சின் மீது குளிர்ந்த நீரை ஊற்றுவது மிகப் பெரிய தவறு. ஹெட் வளைந்துவிடவோ வெடிப்பு விழவோ அதுவே காரணமாகிவிடும்.

துளைகள் சுத்தமாக இருந்தும் தாரை மெலிந்து வந்தால், தாரை வெளியேறும் துளைக்குள் மெல்லிய நைலான் நரம்பை நுழைத்துப் பார்க்கலாம். வண்டலோ உப்போ மட்டும் அடைத்திருந்தால் அத்துடன் சரியாகிவிடும். ஆகாவிட்டால் பம்பைத் திறந்தாக வேண்டும். என் கருத்தில், பழைய எஞ்சின் வாங்கும் எவரும் அது சூடேறும் வரை காத்திராமல் முதல் வேலையாகச் செய்ய வேண்டியதும் இதுவே.

கியர் மாற்றும் கம்பியின் இணைப்பைக் கழற்றிய பின்பே, பம்ப் அமைந்திருக்கும் எஞ்சினின் கீழ்ப்பகுதியை இறக்க வேண்டும். பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரின் இதழ்கள் வெடித்திருக்கலாம், தேய்ந்திருக்கலாம், மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்ததால் ஒரே பக்கமாக மடிந்து இறுகியும் இருக்கலாம். வெளியே எடுத்த பின்பும் இதழ்கள் நிமிரவில்லையெனில் அந்த இம்பெல்லர் பயன்படாது. ஓர் இதழ் முறிந்திருந்தால் புதியதைப் பொருத்துவதோடு நிறுத்திவிடக்கூடாது. முறிந்த துண்டு நீர்க்குழாயிலோ அதற்கு மேலுள்ள வழிகளிலோ சிக்கியிருக்கும், அதைக் கண்டெடுக்காதவரை எஞ்சின் மீண்டும் சூடேறும். இம்பெல்லரைச் சுற்றியுள்ள கிண்ணத்திலும் அடித்தகட்டிலும் மணல் அரித்த கோடுகள் நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு ஆழமாக இருந்தால் அவற்றையும் மாற்ற வேண்டும். இல்லையெனில் புதிய இம்பெல்லரும் போதிய அழுத்தம் தராது. தண்டோடு இம்பெல்லரைப் பிணைக்கும் சிறிய கீ அரித்துப்போயிருக்கிறதா, நீர்க்குழாயின் முனையில் உள்ள ரப்பர் வளையம் நைந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். புதிய இம்பெல்லரைச் சோப்பு நீரில் நனைத்து, பெரும்பாலான எஞ்சின்களில் மேலிருந்து பார்க்கக் கடிகார முள் சுழலும் திசையில் தண்டைத் திருப்பியபடியே கிண்ணத்துக்குள் இறக்க வேண்டும்.

பம்ப் சரியாக இருந்தும் சூடு குறையவில்லையெனில் அடுத்தது தெர்மோஸ்டாட். அதை நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியைத் தொடாதபடி தண்ணீருக்குள் தொங்கவிட்டு, வெப்பமானியையும் வைத்துச் சூடாக்க வேண்டும். அது திறக்க வேண்டிய வெப்பநிலை, பெரும்பாலும் 50 முதல் 60 டிகிரி செல்சியஸுக்குள், அதன் மீதே பொறிக்கப்பட்டிருக்கும். அந்த அளவை ஒட்டித் திறக்காவிட்டால் மாற்றிவிட வேண்டும். தெர்மோஸ்டாட்டையே எடுத்தெறிந்துவிட்டு ஓட்டும் பழக்கத்தை நான் ஏற்கவில்லை. எஞ்சின் தேவையான சூட்டுக்கு வராமல் எரிபொருள் அரைகுறையாக எரிந்து கரி படியும். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினில் இந்தக் கெடுதி இன்னும் கூடுதல்.

தெர்மோஸ்டாட்டின் மூடியைத் திறக்கும்போது உள்ளே வெள்ளையாக உப்புப் பொருக்கு தெரிந்தால், ஹெட்டிலும் அப்படியே இருக்கும் என்று கொள்ளலாம். படிவு மெல்லியதாக இருந்தால் வினிகரை நீர்வழிகளில் சில மணி நேரம் சுற்றவிட்டு நல்ல நீரால் அலசுவது பயன் தரும். தடித்து இறுகியிருந்தால் ஹெட்டைக் கழற்றி, அலுமினியத்தில் கீறல் விழாமல் மரக்குச்சியால் சுரண்டி எடுப்பதே வழி. உப்பில் இறுகிய போல்ட்டுகளை வலிந்து திருகினால் உள்ளேயே முறிந்துவிடும். துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு பொறுத்திருந்து, சூடுகாட்டித் தளர்த்த வேண்டும். ஹெட்டை மாட்டும்போது கட்டாயம் இடைவெளியை அடைக்கும் கேஸ்கட்டைப் புதிதாக இட்டு, நடுவிலிருந்து வெளிப்புறமாகச் சிறிது சிறிதாகப் போல்ட்டுகளை இறுக்க வேண்டும்.

நீர்வழி முழுவதும் சீராக இருந்தும் சூடேறுகிறதென்றால் கார்புரேட்டரில் எரிபொருள் செல்லும் சிறு துளையான ஜெட்டின் அடைப்பு, எரிபொருள் குழாயில் காற்றுக் கசிவு, எரிபொருளில் கலக்கும் எண்ணெயின் குறைவு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எஞ்சின் படகில் அளவுக்கு மேல் உயரமாகப் பொருத்தப்பட்டிருந்தால் நீர்த் துளைகள் காற்றை இழுக்கும்; புரொப்பெல்லருக்கு மேலுள்ள தகடு படகின் அடிமட்டத்தை ஒட்டி அமைய வேண்டும்.

பழுது நீங்கியதா என்பதைக் கரையிலேயே அறியலாம். பம்ப் மூழ்கும் அளவுக்கு நல்ல நீர் நிரப்பிய பீப்பாயில், புரொப்பெல்லரைக் கழற்றிய நிலையில் எஞ்சினை நியூட்ரலில் 10 நிமிடம் ஓடவிட்டு, தொடாமல் அளக்கும் வெப்பமானியால் ஒவ்வொரு சிலிண்டரின் ஹெட்டையும் தனித்தனியே அளக்க வேண்டும். எல்லாம் நெருங்கிய அளவில் நிலைத்து நின்றால் படகில் ஏற்றலாம். ஒன்று மட்டும் ஏறிக்கொண்டே போனால், அந்தச் சிலிண்டரைச் சுற்றியுள்ள நீர்வழியை மீண்டும் திறந்து பார்க்க வேண்டும்.