தாள் மஞ்சளாவதற்கு அமிலத்தை மட்டும் குறை சொல்லாதீர்கள்

பழைய செய்தித்தாள் மஞ்சளானால் பலரும் உடனே சொல்வது "அமிலம்". அது பாதி உண்மைதான். அமிலம் தாளின் நாரான செல்லுலோஸின் நீண்ட சங்கிலிகளை அறுத்துத் தாளை ஒடிய வைக்கும். வெளிச்சத்தில் வைத்த தாள் மஞ்சளாவதற்குப் பெரும்பாலும் காரணம் லிக்னின், அதாவது மரத்தின் நார்களைப் பிணைத்து வைக்கும் பொருள். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, அமில நீக்கம் செய்தாயிற்று என்ற தைரியத்தில் தாளை ஜன்னலுக்கு எதிரே மாட்டிவிடுகிறார்கள். அமிலம் போனாலும் லிக்னின் தாளுக்குள்ளேயேதான் இருக்கும். இன்னொன்று: லிக்னின் மிகுந்த தாளில், அமிலத்தை நீக்கச் செய்யும் காரச் சிகிச்சையே நிறத்தைச் சற்று மஞ்சளாக்கிவிடுவதும் உண்டு.

மரத்தின் உலர் எடையில் ஏறத்தாழ 20 முதல் 30 சதவீதம் லிக்னின். செய்தித்தாளுக்காக மரத்தை அரைத்தெடுக்கும் இயந்திரக் கூழில் அது கிட்டத்தட்ட முழுவதும் தங்கிவிடுகிறது. லிக்னினிலுள்ள கார்பனைல் போன்ற அணுத் தொகுதிகள் 300–400 நானோமீட்டர் புற ஊதாக் கதிரை உறிஞ்சுகின்றன. அந்த ஆற்றலால் பீனால் பகுதிகள் ஹைட்ரஜனை இழந்து பீனாக்சி ரேடிக்கல்கள் என்ற, எளிதில் வினைபுரியும் துகள்களாகின்றன. இவை ஆக்சிஜனோடு வினைபுரிந்து கடைசியில் குயினோன்கள் என்ற நிறமுள்ள பொருள்கள் உருவாகின்றன. குயினோன் நீல ஒளியை விழுங்கிவிடுவதால் நம் கண்ணுக்கு மஞ்சள்தான் மிஞ்சுகிறது.

இது தெரிந்தால் "கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறேன், பயமில்லை" என்ற பேச்சு எவ்வளவு பலவீனமானது என்று புரியும். சாதாரண ஜன்னல் கண்ணாடி ஏறத்தாழ 310 நானோமீட்டருக்குக் கீழுள்ள கதிர்களைத்தான் நன்றாகத் தடுக்கும். லிக்னினைத் தூண்டும் கதிர்களில் பெரும்பகுதி தாராளமாக உள்ளே வந்துவிடும். புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி நிச்சயம் உதவும். ஆனாலும் நீல ஒளிக்கும் இதில் பங்கு உண்டு என்பதால், எல்.இ.டி விளக்கென்றால் கெடுதலே இல்லை என்று நினைக்க வேண்டாம். ஒளியின் அளவையும் நேரத்தையும் பெருக்கிப் பாருங்கள்: 50 லக்ஸில் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அலகு) பத்து மணி நேரமும் 500 லக்ஸில் ஒரு மணி நேரமும் ஏறத்தாழ ஒரே கணக்குதான்.

வெள்ளையாக இருப்பதால் லிக்னின் இல்லை என்று முடிவு கட்டுவதும் தவறு. இயந்திரக் கூழைப் பெராக்சைடால் வெளுக்கும்போது நிறம் தரும் தொகுதிகள்தான் மாறுகின்றன. லிக்னின் அப்படியே இருக்கும். இதற்கு நேர்மாறாக, லிக்னின் அறவே இல்லாத தாளும் மஞ்சள் தட்டலாம். அதில் சேர்த்த ஒளிர்வெண்மைப் பொருள் (புற ஊதாவை வாங்கி நீலமாக ஒளிர்ந்து தாளை வெள்ளையாகக் காட்டுவது) வெளிச்சத்தில் சிதைந்திருக்கும். புற ஊதா டார்ச்சைச் சில நொடி அடித்தால், சட்டத்துக்குள் மறைந்திருந்த ஓரம் நீலமாக ஒளிரும், வெளிச்சம் பட்ட பகுதி மங்கிக் கிடக்கும். புளோரோகுளூசினால் என்ற வேதிப்பொருளும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த சொட்டு விட்டால் லிக்னின் உள்ள இடம் சிவக்கும். ஆனால் அந்தச் சோதனையை மூலத்தாளின் மேல் செய்துவிடாதீர்கள், ஒரு துண்டு போதும்.

ஆய்வகத்தில் அதிகம் நடக்கும் தவறு வேறு. விளக்கின் கீழ் வைத்த மாதிரி சூடாகிறது. வெப்பத்தால் வந்த மஞ்சளும் ஒளியின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. அதே வெப்பநிலையில் இருட்டில் வைத்த ஒரு மாதிரி கூடவே இல்லாவிட்டால் அந்த அளவீட்டை நான் நம்பமாட்டேன். லிக்னினுக்குப் பதிலாகச் சோதனைக்கு எடுக்கும், அதன் ஒரு பகுதியை ஒத்த குவாயகால் போன்ற எளிய பொருள்களைத் தெளிந்த கண்ணாடிப் புட்டியில் மேசைமேல் விட்டுவைத்தால், சோதனை தொடங்கும் முன்பே அவை நிறம் மாறியிருக்கும். பழுப்புப் புட்டியில், காற்றுப் படாமல், இருட்டில் வையுங்கள்.