பாஸ்டனில் பியூரிட்டன்களின் தடம் தேடி நடப்பது எப்படி

ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க பாஸ்டனுக்கு வருகிறவர்களுக்கு நகரத்தைச் சுற்றிக் காட்டுவது எனக்குப் பிடித்த வேலை. வந்ததும் எல்லாரும் கேட்பது பிளிமத் பாறையைத்தான். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்திலிருந்து மேஃப்ளவர் கப்பலில் 1620-இல் வந்தவர்கள் அந்தப் பாறையில்தான் கால் வைத்தார்கள் என்ற பேச்சே 1741-இல்தான் கிளம்பியது. அதோடு, பிளிமத்துக்கு வந்தவர்கள் இங்கிலாந்துத் திருச்சபையே வேண்டாம் என்று பிரிந்துபோன சிறு கூட்டம். பத்து வருடம் கழித்து ஜான் வின்த்ராப் தலைமையில் பாஸ்டனுக்கு வந்தவர்களோ, சபையை விட்டு விலகவில்லை, அதைத் திருத்துகிறோம் என்று சொன்னவர்கள். நாம் தடம் தேடும் பியூரிட்டன்கள் இவர்கள்தான். இந்த நாட்டின் குணத்தில் அதிகம் ஊறிப்போனது இந்த இரண்டாவது கூட்டம். 1640 வரைக்கும் ஏறக்குறைய 20,000 பேர் வந்து சேர்ந்தார்கள்.

ரயிலில் பார்க் ஸ்ட்ரீட் நிலையத்தில் இறங்கி, டிரெமாண்ட் தெருவில் ஐந்து நிமிடம் நடந்தால் கிங்ஸ் சாப்பல் கல்லறைத் தோட்டம். கட்டணம் கிடையாது. கல்லைத் தொடவோ, தாள் வைத்துத் தேய்த்துப் படியெடுக்கவோ கூடாது. உள்ளே போனதும் பழைய கற்களில் ஒரு சிலுவையைத் தேடிப் பாருங்கள். கிடைக்காது. எங்கு பார்த்தாலும் சிறகு முளைத்த மண்டையோடுதான். இத்தனை பக்தியான ஜனம் சிலுவையை ஏன் ஒதுக்கியது? ஞானஸ்நானத்தில் நெற்றியில் சிலுவை வரைவது, திருவிருந்துக்கு மண்டியிடுவது, குருவானவரின் வெள்ளை அங்கி, பேராயர் பதவி எதற்கும் வேதத்தில் ஆதாரம் இல்லை, எல்லாம் ரோமாபுரியின், அதாவது கத்தோலிக்க சபையின், மிச்சம் என்பது அவர்கள் வாதம். கிறிஸ்துமஸையே விடவில்லை: 1659-இல் அதைக் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் என்று சட்டம் போட்டார்கள்.

முன்பக்கத்தில் ஜோசப் டாப்பிங் என்பவரின் கல் இருக்கிறது, 1678-ஆம் ஆண்டுக் கல். கொஞ்சம் குனிந்து பாருங்கள். ஒரு எலும்புக்கூடு மெழுகுவத்தியை அணைக்கப் போகிறது. காலத்தின் உருவமாக ஒரு கிழவர் அதைத் தடுக்கிறார். சாவு எந்த நேரமும் வரலாம், இரட்சிக்கப்பட்டவர்களில் நான் இருக்கிறேனா என்பது கடைசிவரை நிச்சயமில்லை. இந்தப் பயத்தோடுதான் அவர்கள் தினமும் எழுந்தார்கள். வின்த்ராப்பும் போதகர் ஜான் காட்டனும் இதே தோட்டத்தில்தான் அடக்கமாகியிருக்கிறார்கள்.

இங்கேயே ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் மதச் சுதந்திரம் தேடி இவர்கள் வந்ததாகப் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. தாங்கள் சரியென்று நம்பிய ஒரே வழிபாட்டை, மன்னரின் குறுக்கீடும் பேராயரின் குறுக்கீடும் இல்லாமல் நடத்த வந்தார்கள். கடவுளோடு ஊரே சேர்ந்து உடன்படிக்கை செய்திருக்கிறது, ஒருவர் தவறினாலும் தண்டனை ஊருக்கே வரும் என்று நம்பினார்கள். அதனால் 1631 முதல் சபை உறுப்பினருக்கு மட்டுமே ஓட்டு. இனிப் பார்க்கப்போகும் எல்லா இடத்துக்கும் இதுதான் சாவி.

பக்கத்துத் தெருவின் பெயரே ஸ்கூல் ஸ்ட்ரீட். 1635-இல் தொடங்கிய பாஸ்டன் லத்தீன் பள்ளி இருந்த இடத்தை நடைபாதையில் பதித்த வண்ணச் சித்திரம் காட்டும். வேதத்தை அவரவரே படிக்க வேண்டும் என்றால் எழுத்து தெரிய வேண்டுமே! 50 குடும்பம் உள்ள ஊர் வாத்தியார் வைத்தே ஆகவேண்டும் என்று 1647-இல் சட்டமே வந்தது.

அப்புறம் மேடேறி மாநில அரசு மாளிகைக்கு வாருங்கள். முன்னால் இரண்டு பெண்களின் சிலைகள். ஆன் ஹட்சின்சன் வீட்டில் கூட்டம் நடத்தி, போதகர்களின் உபதேசத்தைக் கேள்வி கேட்டார். 1637-இல் விசாரித்து நாடுகடத்தினார்கள். மேரி டையர் குவேக்கர், பியூரிட்டன்கள் பொறுக்காத இன்னொரு கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். துரத்தியும் திரும்பத் திரும்ப வந்தார் என்று 1660-இல் தூக்கிலிட்டார்கள். பள்ளிக்கூடத்தைக் கட்டிய அதே நம்பிக்கைதான் இந்தத் தூக்குமரத்தையும் நட்டது. பிள்ளைகள் கூட வந்தால் இதை மறைக்காமல் சொல்லுங்கள்.

நேரம் இருந்தால் ரெட் லைன் ரயிலில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் போங்கள். எல்லாரும் ஜான் ஹார்வர்டு சிலையின் காலைத் தடவப் போவார்கள். நீங்கள் மேத்யூஸ் ஹால் பக்கம் போய் அங்குள்ள பலகையைப் படியுங்கள். பூர்வகுடி மாணவர்களுக்கான கல்லூரி அங்கே இருந்தது. போதகர் ஜான் எலியட் பூர்வகுடிகளின் மாசசூசெட் மொழியில் பெயர்த்த வேதாகமம் 1663-இல் அச்சானது. அமெரிக்காவில் அச்சான முதல் முழு வேதாகமம் அதுதான். எழுத்துக் கோத்தவர்களில் ஒருவர் நிப்மக் இனத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிரிண்டர். பன்னிரண்டே வருடத்தில் குடியேறியவர்களுக்கும் பூர்வகுடிகளுக்கும் போர் வந்தது. அந்த வேதத்தை ஏற்று ஞானஸ்நானம் பெற்ற பூர்வகுடிகளையே டீர் தீவில் கொண்டுபோய் அடைத்தார்கள். குளிரிலும் பசியிலும் பலர் செத்தார்கள். எனக்கு ஆறாத இடம் இது.

மறுநாள் சேலம். நார்த் ஸ்டேஷனிலிருந்து ரயிலில் அரை மணி நேரம். அக்டோபரில் மட்டும் போகாதீர்கள். சூனியக்காரி வேஷம் போட்ட கூட்டத்தில் நடக்கவே முடியாது. 1692-இல் சூனியப் பழி சுமத்தி 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். ஜைல்ஸ் கோரி என்ற முதியவரைக் கல் ஏற்றி நசுக்கினார்கள். சார்ட்டர் தெரு நினைவிடத்தின் வாசல் கற்களில், குற்றமற்றவள் என்று கதறியவர்களின் வார்த்தைகளைச் செதுக்கியிருக்கிறார்கள். பாதி வாக்கியத்திலேயே மதில் வந்து எழுத்தை மறைத்துவிடும். சும்மா தாண்டிப் போகாமல் நின்று படியுங்கள். தீர்ப்பு சொன்ன நீதிபதிகளில் சாமுவேல் சீவல் 1697-இல் பாஸ்டனில் சபை நடுவே எழுந்து நிற்க, அவருடைய மன்னிப்பை போதகர் வாசித்தார். மற்ற நீதிபதிகள் அப்படிச் செய்யவில்லை.

நம்மூர்க்காரர்கள் சேலத்தில் தவறவிடக்கூடாதது டேபர்னக்கிள் சபை. பியூரிட்டன் வழிவந்த காங்கிரிகேஷனல் சபையார் 1812 பிப்ரவரியில் ஐந்து இளைஞர்களை இந்தியாவுக்கு மிஷனரிகளாக அபிஷேகம் செய்தது இங்கேதான். அதே மிஷன் 1816-இல் யாழ்ப்பாணத்துக்கும் 1834-இல் மதுரைக்கும் வந்தது. மதுரை அமெரிக்கன் கல்லூரி அதன் விளைச்சல். நான் பசுமலைக்காரன், அந்த மிஷன் ஊன்றிய மண்ணில் எழுத்துப் படித்தவன். வேதம் படிக்க எழுத்து வேண்டும் என்ற பழைய பிடிவாதம் எங்கள் தெருவரைக்கும் வந்திருக்கிறது.

மூன்றாம் நாள் இருந்தால் பிளிமத்துக்கு விடுங்கள். பாறையைப் பார்த்துவிட்டு, எதிரேயுள்ள கோல்ஸ் ஹில் மேட்டில் ஏறினால் வாம்பனோக் தலைவர் மாசசாய்ட்டின் சிலை நிற்கும். நன்றி தெரிவிக்கும் நாளன்று, 1970 முதல், பூர்வகுடிகள் இங்கே கூடித் துக்கம் அனுசரிக்கிறார்கள். அன்றைக்குப் போக முடிந்தால் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு, ஓரமாக நின்று அவர்கள் பேசுவதைக் கேளுங்கள்.