பாமினியில் அடித்த கவர் லெட்டர்

இலங்கை மலையகத்து ஹட்டனில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து மின்னஞ்சலில் அனுப்பிய வேலை விண்ணப்பக் கடிதம் எதற்கும் பதில் இல்லை. கடிதத்தை நீட்டிப் பார்த்தேன், சுருக்கிப் பார்த்தேன், இணையத்தில் கிடைத்த மாதிரிக்கும் மாற்றினேன். பலனில்லை.

அதே வேர்ட் கோப்பைக் கைத்தொலைபேசியில் திறந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. தமிழ் ஒன்றுகூட இல்லை, முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை. பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தைக் காட்டும் பழைய எழுத்துரு; எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீடான யூனிகோட் அல்ல. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் இப்படித்தான் தெரியும். கடைக் கணினியில் அது இருந்ததால் அங்கே எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது.

யூனிகோடுக்கு மாற்றும்போது தமிழ்ப் பகுதியை மட்டும் எழுத்துரு மாற்றும் கருவியில் ஒட்ட வேண்டும். மின்னஞ்சல் முகவரியும் சேர்ந்து போனால் அது தமிழ் எழுத்தாகச் சிதையும். அதிலும் வேடிக்கை, ஆங்கிலக் காற்புள்ளி 'இ' ஆகிவிடும். பாமினியில் அந்த விசைதான் இ. பிறகு பிடிஎஃப் ஆகச் சேமித்து, கடிதத்தை மின்னஞ்சலுக்குள்ளும் ஒட்டினேன்.

கையோடு வாசகத்தையும் திருத்தினேன். முதல் வரியில் பதவியின் பெயர், விளம்பரத்தில் உள்ள இலக்கம். 'கடின உழைப்பாளி' போய், 'தேயிலைக் கொழுந்து நிறுவைப் பதிவேட்டை எக்செலில் பேணினேன்' வந்தது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து முகவரிக்கு வரும் கடிதம் பெரும்பாலும் தோட்டக் காரியாலயத்தில்தான் தங்கும். அதனால் தொலைபேசி இலக்கத்தைப் பெயருக்கு நேர்கீழே போட்டேன். நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு அந்த இலக்கத்துக்குத்தான் வந்தது.