எறும்பு வரிசையைப் பிடித்துக்கொண்டு போவது எப்படி: அன்ஸ்கூலிங் தொடங்குபவர்களுக்கு

பாடத்திட்டம் கிடையாது, கால அட்டவணை கிடையாது. சரி, காலையில் எழுந்து என்னதான் செய்வது? பள்ளிக்கு அனுப்பாமல், குழந்தையின் ஆர்வம் போகிற வழியிலேயே கற்கவிடுவதுதான் அன்ஸ்கூலிங். அதில் புதிதாக இறங்கும் பெற்றோர் எல்லோரும் கேட்பது இதைத்தான். குழந்தை கேட்கும் ஏதாவது ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதுதான். எப்படி என்பதை ஓர் எறும்பு வரிசையை வைத்தே சொல்கிறேன்.

படி 1: கேள்வியை எழுதி வையுங்கள்

ஒரு சின்ன நோட்டு போதும். "எறும்பு ஏன் ஒரே வரிசையில போகுது?" என்று குழந்தை கேட்டால் அதை அப்படியே எழுதுங்கள். 'எறும்புகளின் சமூக வாழ்க்கை' என்று நீங்கள் தலைப்புப் போட்டால் அது பாடமாகிவிடும், குழந்தையும் நழுவிவிடும். வாய்விட்டுக் கேட்காத கேள்விகளும் உண்டு. குழாய்த் தண்ணீரைத் திரும்பத் திரும்ப விரலால் அடைத்துப் பார்ப்பதும் கேள்விதான்.

பள்ளியை விட்டு இப்போதுதான் நின்ற குழந்தையிடமிருந்து கொஞ்ச நாள் கேள்வியே வராமல் போகலாம். பள்ளியில் படித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதம் ஓய்வு என்று அன்ஸ்கூலிங் குடும்பங்களிடையே ஒரு கணக்கு உண்டு. அது உத்தேசக் கணக்குதான், நாள்காட்டியில் குறித்து வைக்காதீர்கள்.

படி 2: பதிலை உடனே சொல்லாதீர்கள்

"முன்னால் போகிற எறும்பு வாசனை விட்டுப் போகும், பின்னால் வருவது அதை முகர்ந்து வரும்." பதில் இவ்வளவுதான். சொல்லிவிட்டால் பத்து நொடியில் கதை முடிந்தது. "எப்படிக் கண்டுபிடிக்கலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். ஆனால் குழந்தைக்கு இப்போதே பதில் வேண்டுமென்றால் சொல்லிவிடுங்கள். எதற்கெடுத்தாலும் "நீயே யோசி" என்றால், அது உங்களிடம் கேட்பதையே நிறுத்திவிடும்.

படி 3: செய்து பாருங்கள்

கடிக்காத இனமா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். வரிசைக்குக் குறுக்கே ஒரு தாளை வைத்து, அதன் நான்கு முனைகளிலும் சின்னக் கல் வையுங்கள். முதலில் எறும்புகள் விளிம்பில் தயங்கும். கொஞ்ச நேரத்தில் தாளின் மேலேயே புதுத் தடம் உருவாகிவிடும். போக்குவரத்து சீராகும்வரை பொறுமையாக இருங்கள். இந்தக் காத்திருப்பில்தான் பெரியவர்கள் அவசரப்படுவோம்.

இப்போது தாளைக் கால்வட்டம் திருப்ப வேண்டும். அதற்கு முன்னால், "என்ன ஆகும்னு நினைக்கிற?" என்று கேளுங்கள். திருப்பியதும் தடம் துண்டாகிவிடும். தாள் ஓரத்துக்கு வரும் எறும்பு நின்று, உணர்கொம்பை இப்படியும் அப்படியும் ஆட்டும். ஒன்று வந்த வழியே திரும்பும், இன்னொன்று வட்டமடிக்கும். தாளின் மேல் இருந்தவற்றில் சில பழைய தடத்தையே நம்பி, தப்பான பக்கம் போய் இறங்கும். வாசனையைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை, ஆனாலும் குழந்தை அதற்குப் பக்கத்தில் வந்துவிட்டது. எல்லா இனமும் ஒரேபோல நடந்துகொள்ளாது. எதுவுமே ஆகவில்லையென்றால் அடுத்த கேள்வி தயார்.

படி 4: கிளை பிரிந்தால் கூடவே போங்கள்

தடமே இல்லாத பாலைவனத்தில் எறும்பு எப்படி வீடு திரும்பும்? 2006-ல் வெளியான ஓர் ஆய்வில், உணவு இருந்த இடத்துக்கு வந்து சேர்ந்த சஹாரா எறும்புகள் சிலவற்றின் கால்களில் பன்றி மயிரை ஒட்டிப் பொய்க்கால் வைத்தார்கள். அங்கிருந்து திரும்பிய அவை கூட்டைத் தாண்டிப் போய்த் தேடின. கால் குட்டையாக்கப்பட்டவை கூட்டுக்கு முன்னாலேயே நின்று தேடின. ஏதோ ஒரு வகையில் அவை எடுத்து வைக்கும் காலடிகளைக் கணக்கு வைக்கின்றன!

இதைக் கேட்ட குழந்தை எழுந்து தன் காலடிகளை எண்ண ஆரம்பித்தால், எறும்பை மறந்துவிடுங்கள். வீட்டைக் காலடிகளால் அளந்து, கட்டம் போட்ட தாளில் வரையலாம். அதே அறை உங்களுக்கு ஏழு காலடி, குழந்தைக்குப் பன்னிரண்டு என்று வரும். யார் சொல்வது சரி? மீட்டர் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு இதைவிட நல்ல நுழைவாயில் எனக்குத் தெரியவில்லை. வெற்றிடத்தில் ஒளி ஒரு நொடியின் 29,97,92,458-ல் ஒரு பங்கு நேரத்தில் கடக்கும் தூரம்தான் மீட்டர் என்று 1983-ல் வரையறுத்தார்கள். கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

படி 5: வேலை தெரிந்தவரைத் தேடுங்கள்

நில அளவையாளர், கட்டட வரைபடம் போடுபவர், தோட்ட வேலை செய்பவர், யாராக இருந்தாலும் சரி. ஒரே ஒரு கேள்வியோடு போங்கள், சீக்கிரம் கிளம்பிவிடுங்கள்.

படி 6: ஆர்வம் போனால் விட்டுவிடுங்கள்

பாதி வரைந்த படத்தை முடிக்கச் சொல்லி நச்சரிக்க வேண்டாம்.

அப்புறம், பதிவு

வீட்டுக் கல்விக்கான சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் பள்ளிக்குப் போவது கட்டாயம். வேறு சில இடங்களில் ஆண்டறிக்கை கேட்பார்கள். தொடங்கும் முன்பே உங்கள் ஊர் விதியைப் பார்த்துவிடுங்கள். தேதியோடு ஒரு படமும் அதற்குக் கீழே ஒரு வரியும் இருந்தால், 'அளவீடு, விகிதம், உயிரியல்' என்று அறிக்கைக்கு வேண்டிய பாடப் பெயர்களை ராத்திரி நீங்கள் தனியாக உட்கார்ந்து எழுதிக்கொள்ளலாம்.